மூளைப் புற்றுநோயும் குருத்தணு ஆய்வும்: நம்பிக்கை எது, வணிகம் எது?



வளைகுடாவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் மூளைப் புற்றுநோய் என்ற சொல் நுழைந்துவிட்டால், ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுச் சிகிச்சையால் குணமாகும் என்று யாரேனும் ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. ஊரில் கட்டிய வீடும் மனைவியின் நகையும் அடமானத்துக்குப் போவது அப்பொழுதுதான். எனவே அறிவியல் இதுவரை எதைச் சாதித்துள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் காப்பாகும்.

கிளையோபிளாஸ்டோமா என்பது பெரியவர்களைத் தாக்கும் மூளைப் புற்றுநோய்களில் மிகக் கொடியது. 2005-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்ற மருந்தைச் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாக உயர்ந்தது. இச்சிறு முன்னேற்றமே உலகெங்கும் அடிப்படைச் சிகிச்சையாயிற்று.

இந்நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? 2004-இல் கனடாவின் டொரோண்டோ ஆய்வாளர்கள் ஒரு விடையை முன்வைத்தனர். கட்டிக்குள்ளேயே குருத்தணு போன்ற சில செல்கள் உள்ளன. அவற்றில் நூறு மட்டும் எலியின் மூளையில் புதிய கட்டியை உருவாக்கப் போதுமானவையாக இருந்தன. கிழங்கு மண்ணில் இருக்கும் வரை கோரைப்புல் மீண்டும் முளைப்பதைப் போன்றது இது.

மறுபுறம், நல்ல குருத்தணுவை மருந்து சுமக்கும் தூதராக்கும் முயற்சியும் நடக்கிறது. நரம்புக் குருத்தணுக்கள் மூளைக்குள் பரவிய புற்றுச் செல்களைத் தேடிச் செல்லும் என்பது 2000-இல் விலங்குகளில் கண்டறியப்பட்டது. கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை இதனை மனிதரிடம் சோதித்து, 15 நோயாளிகளின் முடிவுகளை 2017-இல் வெளியிட்டது. 2021-இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர், புற்றைக் கொல்லும் வைரசைச் சுமந்த குருத்தணுக்களை 12 நோயாளிகளுக்குச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டனர். இவை யாவும் பாதுகாப்பை அளக்கும் முதற்கட்டச் சோதனைகளே. குணப்படுத்தும் சிகிச்சையாக இவற்றை எவரேனும் விற்றால் அது உண்மையன்று.

ஆபத்தும் உண்டு. அரிய மரபுநோய் கொண்ட இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு மாஸ்கோவில் நரம்புக் குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. சில ஆண்டுகளில் அவனது மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தோன்றின. தண்டுவடக் கட்டி செலுத்தப்பட்ட செல்களிலிருந்தே பிறந்தது என்பது 2009-இல் நிறுவப்பட்டது.

அவ்வாறாயின் மருத்துவமனைகளில் இன்று பயனில் உள்ள குருத்தணுச் சிகிச்சை எது? இரத்தம் உண்டாக்கும் குருத்தணு மாற்றே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் அதனைச் செய்து வருகிறது. அபுதாபி குருத்தணு மையம் 2019-இல் உருவானது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியுள்ள சில குழந்தைகளுக்கு மிகு அளவில் வேதிமருந்து தந்தபின், அவர்களது சொந்த இரத்தக் குருத்தணுக்கள் திருப்பி ஏற்றப்படுகின்றன. அங்கே புற்றை அழிப்பது மருந்து. அம்மருந்தால் அழிந்த இரத்த உற்பத்தியை மீட்பது குருத்தணு. பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்த பெற்றோரும் அதனை மூளைப் புற்றுக்கு மருந்தாக எண்ணிவிடலாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ஏற்கப்பட்ட இரத்தக் குருத்தணு மாற்று தவிர்ந்த பயன்பாடுகள் முறையான ஆய்வுச் சோதனையாக மட்டுமே நடைபெறலாம். எனவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சோதனை அரசின் பதிவேட்டில் உள்ளதா? சோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடமே கட்டணம் கேட்கப்படுகிறதா? நோயாளியைக் கவனிக்கும் புற்றுநோய் மருத்துவர் இதுபற்றி என்ன சொல்கிறார்? பதிவு இல்லை, கட்டணம் உண்டு என்றால் விலகி விடுங்கள்.

2025 சனவரி 1 முதல் அமீரகம் முழுவதும் தனியார்துறை ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமாகியுள்ளது. அதன் வரம்புகளை நோய் வருமுன்பே படித்து வையுங்கள்.

இளைஞர்களே, விடை காணாத இவ்வினாக்கள் உங்களுக்காகவும் காத்திருக்கின்றன. உயிரியலோ கணினியியலோ, எதைப் பயின்றாலும் இவ்வாய்வில் உங்களுக்கு இடம் உண்டு. அதுவரை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சரியான செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் ஒரு மருத்துவத் தொண்டே.