‘சாமி குத்தம்’ என்பவரிடம் என்ன கேட்பது?



மனநல மருத்துவத்திலும் மருத்துவ உளவியலிலும் இன்று பட்டம் பெறும் உங்களைத் தேடி வரப்போகிறவர்களில் பலர் வேறு வாசல்களைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்திருப்பார்கள், தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள், ஜெபக்கூட்டத்தில் அழுதிருப்பார்கள், ஜாதகம் பார்த்துப் பரிகாரம் செய்திருப்பார்கள். நாமோ பதிவுத்தாளில் ‘மதம்’ என்ற கட்டத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அது சிகிச்சையில் விழும் ஓட்டை என்பதே என் வாதம். ஒருவருடைய நம்பிக்கை அவரைத் தாங்குகிறதா, வதைக்கிறதா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டுக்குமே சான்று உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 31 பேர், பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம், உறவினர் ஒருவர் துணையோடு அங்கே இருந்தார்கள். மருந்தும் இல்லை, தனிச் சடங்கும் இல்லை. காலையில் சிறு பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மாத்திரை வேண்டாம் என்று சொல்ல இதைக் காட்ட முடியாது. ஆனால் விரட்டப்படாத ஓர் இடமும், கூடவே தங்கும் உறவும் நோயாளிக்கு என்ன செய்யும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. மறுபக்கம், அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் குழுவினரும் நோயுற்ற முதியோர் 596 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்மேல் அவருக்கு அன்பில்லை என்று உள்ளுக்குள் போராடியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. பக்தி உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தால் இது கண்ணில் படாது.

தர்காவை நாடி மனநோயாளிகள் வரும் ஏர்வாடியை மறந்துவிட்டா பேசுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றிக் கருகினார்கள். சங்கிலிக்கு எந்த நம்பிக்கையும் நியாயம் ஆகாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. ஆனால் தடை வந்ததால் மக்கள் தர்காவுக்குப் போவது நிற்கவில்லை. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் அதைப் பராமரிக்கும் முஜாவர்களுக்கே பயிற்சி கொடுத்து, வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவரிடம் அனுப்பச் செய்தார்கள். துஆ என்னும் வேண்டுதலும் நடந்தது, மருந்தும் போய்ச் சேர்ந்தது. ஏர்வாடிக்குப் பின் எடுக்க வேண்டிய பாடம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிவியல் படித்தவனுக்கு மதத்தில் என்ன வேலை என்பது இன்னொரு மறுப்பு. மதத்தை மாயை என்று 1927இல் எழுதிய பிராய்டின் நிழல் இந்தத் துறையில் நீளமானது. ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல், மத, ஆன்மிகச் சிக்கல் என்பதை நோயென்று முத்திரை குத்தாமலே மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் சேர்த்துக்கொண்டது. நோயாளியின் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கும் மருத்துவரும் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்லப்போனால், நம்பாத மருத்துவரைவிட நம்பும் மருத்துவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உங்கள் எதிரில் உடைந்து உட்கார்ந்திருப்பவர் நீங்கள் சொல்வதை மறுக்கும் நிலையில் இல்லை. அவரிடம் உங்கள் சாமியைப் பரிந்துரைப்பது அத்துமீறல். கோயிலுக்குள் விடப்படாத சாதியில் பிறந்தவருக்கும், பேய் பிடித்தவள் என்று அடிபட்ட பெண்ணுக்கும் கோயிலே காயமாக இருக்கலாம்.

குழந்தையைப் பறிகொடுத்த தாய் ‘சாமி குத்தம்’ என்கிறார் என்று வையுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று ஆறுதல் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதை முதலில் சொன்னது யார், அதற்கு முன் அந்தச் சாமி உங்களுக்கு யாராக இருந்தது என்று கேளுங்கள். சொன்னது மாமியாராக இருக்கலாம். அப்போது சிகிச்சை வேறு திசையில் போகும். லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்பவரிடம் ரமலானுக்கு முன்பே நோன்பைப் பற்றிக் கேளுங்கள். நீரிழப்பில் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம், நோன்பு கூடாதென்றால் அதையும் சொல்லலாம். கேட்காவிட்டால் அவர் உங்களிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.