ஷோரூமில் கார்டை நீட்டும் முன்



ஒரு வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்றால், மைலேஜ் எவ்வளவு, டிக்கி எவ்வளவு பெரிசு, வெள்ளையா சிவப்பா என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். பணத்தை எந்த வழியில் கட்டப்போகிறோம் என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இருக்காது. கடைசி நாளில், பில் போடும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "கார்டுலயே தேய்ச்சிடலாமா?" என்று ஒருவர் கேட்பார். அந்த இடத்தில் அவசரமாக எடுக்கிற முடிவில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் போய்விடலாம். நாற்பதாயிரமும் போகலாம். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கிரெடிட் கார்டில் கார் வாங்கலாமா? வாங்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கார்டில் அவ்வளவு வரம்பு இருக்க வேண்டும், ஷோரூம் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஷோரூம்காரர்கள் அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை. முன்பதிவுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்றால் உடனே மெஷினை எடுத்து நீட்டுவார்கள். மீதித் தொகை என்று வரும்போது, "ஆர்.டி.ஜி.எஸ். பண்ணிடுங்க சார்" என்பார்கள். கார்டுதான் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், "ரெண்டு பர்சன்ட் சேரும்" என்பார்கள்.

அந்த இரண்டு சதவீதம் எங்கிருந்து வருகிறது? நாம் கார்டைத் தேய்த்ததும் முழுத் தொகையும் கடைக்காரர் கணக்குக்குப் போவதில்லை. அவருக்கு அந்த மெஷினைக் கொடுத்த வங்கி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை வரவு வைக்கிறது. பிடித்ததில் பெரும்பகுதி நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது, கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நிறுவனங்களுக்குப் போகிறது. நமக்கு வரும் ரிவார்டு பாயின்ட்டும் இந்தப் பணத்தில் இருந்துதான் வருகிறது. கிரெடிட் கார்டுக்கு இந்தக் கட்டணம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லட்சம் ரூபாய்க்கு அது 16,000 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,880 ரூபாய். ஆக 18,880 ரூபாய்.

ஷோரூம்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். காரின் ஆன்-ரோடு விலையில் அவருக்கு நிற்பது சில சதவீதம்தான். ஜி.எஸ்.டி.யும் வாழ்நாள் வரியும் அரசாங்கத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். இன்ஷூரன்ஸ் பிரீமியம் காப்பீட்டு நிறுவனத்துக்கு. இப்படி அவர் கையில் தங்காமல் கடந்துபோகிற பணம் உட்பட, தேய்த்த தொகை முழுவதற்கும் கார்டுக் கட்டணம் உண்டு. மளிகைக் கடையும் துணிக்கடையும் தாங்குகிற கட்டணத்தை அவரால் தாங்க முடியாததற்குக் காரணம் இதுதான். அதனால் நம் தலையில் வைக்கப் பார்க்கிறார்.

நாம் அதைச் சுமந்தால் லாபமா, நஷ்டமா? 8 லட்சத்தைத் தேய்க்கிறோம். கூடுதலாகக் கொடுப்பது 16,000. கார்டில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் பாயின்ட் வந்தால் 8,000 ரூபாய். கையில் இருக்கும் 8 லட்சத்தை 45 நாள் வங்கியிலேயே விட்டுவைத்து, கெடுவுக்கு முன் கட்டுகிறோம் என்றால், ஆறரை சதவீத வட்டியில் சுமார் 6,400 ரூபாய் கிடைக்கும். அதற்கும் வருமான வரி உண்டு. இரண்டையும் கூட்டினாலும் 14,400தான். கொடுத்ததை விடக் குறைவு. ஆண்டுக்கு இத்தனை லட்சம் செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை, விமான டிக்கெட் உண்டு என்கிற உயர்ரகக் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறலாம். அவர்களும்கூட இப்படிப்பட்ட செலவுக்குப் பாயின்ட் உண்டா, மாதத்துக்கு எத்தனை பாயின்ட் வரைதான் தருவார்கள் என்று வங்கியிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

என் மைத்துனர் கார் எடுத்தபோது கூடப் போயிருந்தேன். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு தம்பி, கொட்டேஷன் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எக்ஸ்-ஷோரூம் விலை, வாழ்நாள் வரி, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டாக், ஆக்சஸரீஸ் எல்லாம் அச்சில் இருந்தது. அடியில் நீலப் பேனாவில் 'கார்டு 2%' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

"தம்பி, இது பில்லுல வருமா?" என்று கேட்டார் மைத்துனர்.

"இல்ல சார், அது தனி."

"பில்லுல வராத பணத்தை நான் எதுக்குப்பா கொடுக்கணும்? சரி, டெபிட் கார்டுல தேய்ச்சா?"

"அதுக்கும் ரெண்டு பர்சன்ட்தான் சார்."

இந்த இடத்தில் நேயர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டெபிட் கார்டுக்கு இரண்டு சதவீதம் கேட்பதில் நியாயமே இல்லை. கடைக்காரரிடம் பிடிக்கும் டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெரிய கடைகளுக்கு 0.90 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நீங்கள் 5 லட்சம் தேய்த்தாலும் அவருக்கு ஆகும் செலவு 1,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ரூபே டெபிட் கார்டு என்றால் 2020 ஜனவரி முதல் அந்தக் கட்டணமே கிடையாது. டெபிட் கார்டில் கட்டுபவரிடம் கடைக்காரர் கூடுதல் தொகை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மைத்துனர் மேனேஜரைக் கூப்பிட்டு இதைச் சொன்னதும் அந்த நீல வட்டம் அடிபட்டது. கடைசியில் அவர் ஆர்.டி.ஜி.எஸ்.தான் செய்தார். 2 லட்சம் ரூபாயில் தொடங்கும் அந்த முறை இப்போது இரவு பகல் எந்நேரமும் வேலை செய்கிறது.

ரொக்கமாகக் கொடுத்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல் முதல் ஒரே ஆளிடமிருந்து, ஒரே வியாபாரத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதனால் ஷோரூமில் அவ்வளவு ரொக்கத்தை ஏற்கமாட்டார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் கையில் பணம் வைத்திருப்பவர்களுக்கு. கையில் பணம் இல்லாமல், கார்டில் வரம்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் கார் எடுக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கார்டு வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய விகிதம். ஆண்டுக்கு 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு கோடு போட்டது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, இன்று அந்தக் கோடும் இல்லை.

ஒருவர் 8 லட்சம் தேய்க்கிறார். நாற்பதாம் நாள் கெடு. ஏழரை லட்சம் கட்டிவிடுகிறார், ஐம்பதாயிரம் மட்டும் குறைகிறது. ஐம்பதாயிரத்துக்குத்தானே வட்டி என்று நினைப்பார். இல்லை. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டாவிட்டால், தேய்த்த நாளில் இருந்தே வட்டி ஓடும் என்பதுதான் வங்கிகளின் பொதுவான விதி. அந்த நாற்பது நாளும் 8 லட்சத்துக்கு வட்டி. கிட்டத்தட்ட 36,800 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 43,000 ரூபாயைத் தாண்டும். போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும் வரை அந்தக் கார்டில் வாங்குகிற மருந்துக்கும் பெட்ரோலுக்கும் வட்டியில்லாத நாள் ஒன்றுகூடக் கிடையாது.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். 5 சதவீதம் என்றால் 40,000 ரூபாய். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, உண்மைதான். ஆனால் மீதி 7,60,000 ரூபாய்க்கு அடுத்த ஒரு மாத வட்டி மட்டும் 26,600 ரூபாய், வரி தனி. இதே 8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கார் கடனாக வாங்கியிருந்தால், மாதத் தவணையே சுமார் 16,600 ரூபாய்தான். அதில் அசலும் சேர்ந்து கழிகிறது. அங்கே தவணை கட்டக் கட்டக் கடன் கரையும். இங்கே அதைவிடப் பத்தாயிரம் கூடக் கட்டியும் அசல் அப்படியே நிற்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கார் கடனில் அந்தக் காரே வங்கிக்குப் பிணை. ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறிவிடும். கார்டுக் கடனுக்குப் பிணை எதுவும் இல்லை. அந்த அபாயத்துக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் வட்டி வாங்குகிறார்கள். தேய்த்த பிறகு தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்று வங்கியில் இருந்து போன் வரும். வட்டி கொஞ்சம் குறையும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கார் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. 15 சதவீதம் என்று சொன்னால் உங்கள் கையை விட்டுப் போவது 17.7 சதவீதம். கார் கடனுக்குக் கட்ட வேண்டிய முன்பணத்தைக் கார்டில் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே காருக்கு இரண்டு கடன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, நம் குடும்பங்களில் நடப்பது. "மச்சான், உன் கார்டுல லிமிட் இருக்குல்ல, நீ தேய்ச்சிடு, அடுத்த மாசம் போட்டுடறேன்." தங்கச்சி வீட்டுக்காரர் கேட்கும்போது முகத்தை எப்படி முறிப்பது? கொடுத்துவிடுகிறோம். அடுத்த மாதம் அவர் கொஞ்சம் தாமதித்தால் வங்கிக்கு அவரைத் தெரியாது. உங்களைத்தான் தெரியும். வட்டி உங்களுக்கு, சிபில் மதிப்பெண் இறங்குவது உங்களுக்கு. ஒரு நிதியாண்டில் உங்கள் கார்டு பில்லுக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டப்பட்டால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். உங்கள் வருமானத்துக்கு அந்தச் செலவு பொருந்தவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். 'பணத்தை முதலில் என் கணக்கில் போடுங்கள், அப்புறம் தேய்க்கிறேன்' என்று அன்பாகவே சொல்லலாம். அவரிடம் பணம் இருந்தால் அவரே ஷோரூமுக்கு அனுப்பிவிடலாம், இல்லையா?

அப்படியானால் கார்டுக்குக் கார் வாங்குவதில் இடமே இல்லையா? உண்டு. முன்பதிவுத் தொகையைக் கார்டில் கட்டுங்கள். நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை வாங்கும்போது, அதில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலே போதும். விற்றவர் ஏமாற்றினாலோ திவாலானாலோ, முழு விலைக்கும் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. அதனால்தான் அங்கே கார் வாங்குகிறவர்கள் முன்பணத்தைக் கார்டில் கட்டுகிறார்கள்.

நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனாலும் கார்டில் கட்டிய பணத்துக்கு ஒரு பிடி இருக்கிறது. வண்டி வரவில்லை, முன்பதிவை ரத்து செய்தும் பணம் திரும்பவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, 'சார்ஜ்பேக்' என்கிற திரும்பப் பெறும் நடைமுறையைத் தொடங்கச் சொல்லலாம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. காலக்கெடுவும் உண்டு, அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விற்பனைப் பிரதிநிதி நீட்டும் அவருடைய சொந்த கூகுள் பே எண்ணுக்கு அனுப்பிய பணத்துக்கு இந்தப் பிடி கிடையாது. எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும், பணம் போவது நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தானா என்று பாருங்கள்.

முன்பதிவு ரசீதில் மாடல், நிறம், டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், மீதி எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். மெஷினில் வரும் சீட்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். ஷோரூம் மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கியிடம் எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படிப் புகார் செய்வது என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. புகார் செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.