ஊசியைத் தொடுமுன் டேங்கைப் பாருங்கள்!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏரோமாடலிங் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க, ஆனா ஃபார்முலா வேண்டாம்" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே நேரே நம் கிளப் அலமாரிக்கு வருகிறேன். அங்கே பழைய க்ளோ எஞ்சின்கள் ஐந்தாறு கிடக்கின்றன. "ஓடாது சார், எடைக்குப் போட்டுடலாம்" என்கிறார்கள் தம்பிகள். என் கட்சி வேறு. ஓடாத பழைய எஞ்சினில் பெரும்பாலும் கெட்டிருப்பது எஞ்சின் அல்ல. அதற்கு எரிபொருள் வந்து சேரும் பாதைதான்.

இந்த எஞ்சின் குடிப்பது பெட்ரோல் இல்லை. மெத்தனால், விளக்கெண்ணெய், தேவைப்பட்டால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக்கில் உள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பாட்டரியால் சூடாக்குகிறோம். பிறகு மெத்தனாலும் பிளாட்டினமும் சேர்ந்து அந்தக் கம்பியைத் தணியாமல் பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றினால் இந்த வேலை நடக்காது.

யாரையாவது திட்ட "சரியான விளக்கெண்ணெய்" என்கிறோமே, அந்த விளக்கெண்ணெய்தான் இங்கே உயிர்காப்பான். முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி எஞ்சின்கள் ஓடியதும் இதில்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே 'காஸ்டர்' எண்ணெயிலிருந்து வந்தது. பால்பேரிங் இல்லாத பழைய எஞ்சின்களுக்கு எரிபொருளில் 20 முதல் 25 சதவீதம் எண்ணெய் வேண்டும், அதில் விளக்கெண்ணெய் கட்டாயம் இருக்க வேண்டும். எண்ணெய் குறைவான புதுக் கலவையை ஊற்றினால் எஞ்சின் ஓடும். ஆனால் தேய்ந்துகொண்டே ஓடும்.

சரி, எஞ்சின் மக்கர் பண்ணுகிறது. நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஊசி வால்வைத் திருகுகிறோம். அரைச்சுற்று இந்தப் பக்கம், ஒரு சுற்று அந்தப் பக்கம். கடைசியில் ஊசி எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும். நோயாளியின் நாடியைப் பார்க்காமல் மருந்தை மாற்றுவது மாதிரிதான் இது. வரிசை டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

முதலில் எரிபொருள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் மூடி சரியாக மூடாத கேன் ஒரு மழைக்காலம் தாண்டினாலே சந்தேகப்படுங்கள். புதுக் கலவை ஊற்றிப் பாருங்கள். ஓடினால் கேஸ் முடிந்தது.

இரண்டாவது டேங்க். உள்ளே கனமான உலோக முனையோடு ஒரு வளையும் குழாய் இருக்கும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அந்த முனை எரிபொருளைத் தேடிப் போகும். வருஷக்கணக்கில் கிடந்தால் குழாய் விறைத்துவிடும் அல்லது வெடித்துவிடும். டேங்கின் நடுமட்டமும் ஊசி வால்வும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும். டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள். இல்லையென்றால் அதிர்வில் எரிபொருள் நுரைத்துவிடும்.

மூன்றாவது வெளிக்குழாய். எஞ்சின் ஓடும்போது இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். காற்றுக் குமிழி ஓடுகிறதா? அப்படியானால் எங்கோ காற்று நுழைகிறது. குழாயின் ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் அமுக்கி, மறுமுனையில் சிரிஞ்சால் காற்றடித்தால் ஊசிமுனை ஓட்டைகூடத் தெரிந்துவிடும்.

நான்காவதுதான் ஊசி. மெத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும்: ஒரு பங்குக்கு ஆறரைப் பங்கு. பெட்ரோலுக்குப் பதினான்கரைக்கும் மேல். அதனால் அந்தச் சின்ன ஓட்டை வழியே நிறைய எரிபொருள் போக வேண்டும். காய்ந்த விளக்கெண்ணெய்த் துணுக்கு ஒன்று போதும், அடைக்க! ஊசியைக் கழற்றி, கொஞ்சம் மெத்தனாலில் ஊறவைத்து, சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள். ஓட்டை பெரிதானால் சரிசெய்ய முடியாது. ஊசியின் மரையிலேயே காற்று கசிந்தால் அதன்மேல் ஒரு துண்டு சிலிகான் குழாயை மாட்டினால் போதும்.

இனி எஞ்சின் பேசுவதைக் கேளுங்கள். இரண்டு விநாடி சீறிவிட்டு நின்றால், கார்புரேட்டரில் நீங்கள் விட்ட சொட்டில்தான் ஓடியது. டேங்கிலிருந்து எதுவும் வரவில்லை. பாட்டரியை எடுத்ததும் நின்றால் எரிபொருள் அதிகம் அல்லது பிளக் போயிற்று. ஓடும்போது குழாயை ஒரு கணம் நசுக்கிப் பாருங்கள்: வேகம் கூடினால் எரிபொருள் அதிகம், உடனே தொய்ந்தால் குறைவு. புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்யுங்கள், முன்னாலோ பக்கவாட்டிலோ வேண்டாம்.

இறுகிப்போன எஞ்சினைக் குறடு போட்டுத் திருகாதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காய்ந்த விளக்கெண்ணெய் வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஹேர் டிரையரால் நன்றாகச் சூடேற்றினால் தானே இளகும். அதன் பிறகும் ஓடவில்லை என்றால் பின்மூடியின் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

இப்போது சிரிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். டேங்கிலிருந்து எரிபொருள் எடுக்கக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் பல கிளப்களில் உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். உயிர் பிழைத்தாலும் பார்வை போகலாம். சிரிஞ்சோ கைப்பம்போ இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள். பகல் வெயிலில் மெத்தனால் நெருப்பு கண்ணுக்கே தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். நம் மாநிலத்தில் இதற்கு உரிமம் வேண்டும். எனவே எரிபொருள் துறைத்தலைவர் மூலமாகவே வரட்டும், அவர் பூட்டிலேயே இருக்கட்டும்.

பாட்டரி மோட்டார் சுத்தமானது, சுலபமானது, மறுக்கவில்லை. ஆனால் அது ஓடும் அல்லது ஓடாது. இந்தப் பழைய எஞ்சின் ஏன் ஓடவில்லை என்று சத்தத்திலும் குமிழியிலும் புகையிலும் சொல்லிக்கொண்டே இருக்கும். நாளைக்கு ஒரு தொழிற்சாலையில் பம்போ பாய்லரோ உங்கள் முன்னால் மக்கர் பண்ணும்போது, மூலத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமை கைகொடுக்கும். அந்தப் பொறுமையைக் குறைந்த செலவில் கற்றுத்தர இதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரியாது.

எனவே தம்பிகளே, தங்கைகளே, எடைக்குப் போடாதீர்கள். ஒரு சனிக்கிழமை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு சிரிஞ்ச் போதும். ஓடி முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சினில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். உங்களுக்கு அடுத்து வருகிற செட்டுக்கும் அது ஓடும்.