வானத்து ஒளியும் தாழம்பூவும்



நம் அச்சன்புதூரில் அந்தி மயங்கும் வேளையில், மேற்கு மலைமுகட்டின்மேல் பேரொளி ஒன்று தனித்து நிற்கக் காண்பதுண்டு. அது யாது? இமையாமல் நின்று, சிறிது நேரத்தில் மலைக்குப் பின் மறையுமாயின், பெரும்பாலும் அது வெள்ளிக் கோளே.

2022 டிசம்பர் 15 மாலையில், மேற்கு வங்காளத்திலும் ஒடிசாவிலும் மக்கள் வானில் ஓர் ஒளிக்கற்றையைக் கண்டு திகைத்தனர். வேற்றுலகத்தார் வந்தனரோ என்றும் பேசினர். அன்று மாலை ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணை செலுத்தப்பட்ட செய்தி பின்னர்த் தெரிந்தது. தரையில் இருள் சூழ்ந்த பின்னும் மிக்க உயரத்தில் கதிரவன் ஒளி படரும். அவ்வொளி பட்டு ஏவுகணையின் புகை மிளிர்ந்தது. அந்தியில் வரிசையாக ஊர்ந்து செல்லும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒளிர்வதும் இவ்வாறே.

"அங்ஙனமாயின் பக்திக்கு இடமேது?" எனலாம். அண்ணாமலையில் அடிமுடி தேடிய வரலாற்றை எண்ணுங்கள். திருமால் "கண்டிலேன்" என்றார்; அருள் பெற்றார். நான்முகனோ தாழம்பூவைப் பொய்ச்சான்றாக்கிக் "கண்டேன்" என்றார்; கோயில் வழிபாட்டை இழந்தார். தாழம்பூவும் சிவபூசைக்கு ஆகாததாயிற்று. அறியாமை அங்கே குற்றமாகவில்லை. அறியாததை அறிந்ததாக உரைத்ததே குற்றமாயிற்று.

ஆகவே அன்பர்களே, வானில் ஒளி கண்டால், "ஊருக்குத் தீங்கு வரும்" என்று அயலாரை அச்சுறுத்தாதீர்கள். நிற்கிறதா, நகர்கிறதா, எத்திசையில் மறைகிறது என்று பொறுமையுடன் நோக்குங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிடில் "தெரியவில்லை" என்று நாணாது சொல்லுங்கள். சோதி வடிவான பெருமானுக்கு அந்த மெய்யுரையும் ஒரு வழிபாடே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.