ஓய்வு வேளை உழைப்பு யாருக்குச் சொந்தம்?



காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக உத்தியோகம் வகித்த காலத்தும், அதற்கு நெடுநாள் முன்னரே தொடங்கிய யாழாராய்ச்சியைக் கைவிடாது நடத்தி, 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக யாழ்நூலை வெளியிட்டார் என்பது நம்மவர் அறிந்ததே. துறவிக்கு உடைமையைப் பற்றிய கவலை இல்லை. சம்பளத்துக்கு உழைக்கும் இல்லறத்தானுக்கோ, ஓய்வு வேளையிலே தான் ஆக்கிய பொருளின் பாத்தியதை யாரைச் சேரும் என்பது அற்ப விஷயமன்று.

நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நூலாயினும் கணினி நிரலாயினும் உத்தியோகக் கடமையின் போக்கிலே ஆக்கப்பட்டதாயின், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, அதன் பொருளாதார உரிமை எஜமானரையே சாரும். இங்கிலாந்து நீதிமன்றமொன்று, 1952ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பிலே பதிவான வழக்கொன்றில், கம்பனி ஊழியர் ஒருவர் எழுதிய ஒரே நூலை இரண்டாகப் பிரித்து, அவர் நிகழ்த்திய விரிவுரைகளால் அமைந்த பகுதி அவருக்கும், வாடிக்கையாளரின் வேலைக்கென எழுதிய பகுதி கம்பனிக்கும் உரியவை எனத் தீர்த்தது.

கண்டுபிடிப்பின் நியாயம் இன்னும் கடுமையானது. வாவிக்கரை இறால் பண்ணையொன்றிலே கணக்கெழுதும் ஒருவர், விடியற்புறத்தில் குளத்து நீரிலே பிராணவாயு குறைந்தவுடன் மணியடிக்கும் கருவியொன்றைத் தம் வீட்டுத் திண்ணையில் அமைக்கிறார் என்று கொள்வோம். கண்டுபிடிப்பது அவர் தொழிலன்று; ஆயினும், பண்ணையின் நீர்க்கணக்கையோ அதன் சாதனங்களையோ பயன்படுத்தியிருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது ஆக்கவுரிமை பண்ணைக்காரருக்கே போகும்; கணக்கெழுதுபவருக்குக் கிட்டுவது நியாயமான ஊதியம் மாத்திரமே. ஆகவே, இரவிலே செய்தேன், என் வீட்டிலே செய்தேன் என்னும் வாதம் தனித்து நில்லாது.

இதனால், முயற்சியில் இறங்குமுன் நியமனக் கடிதத்தை நிதானமாக வாசித்து, சொந்தக் கணினியையும் சொந்தப் பணத்தையுமே உபயோகித்து, திகதியிட்ட குறிப்பேடொன்றைப் பேணி, கண்டுபிடிப்பாயின் ஊரறியச் சொல்லுமுன்னரே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்தல் விவேகமாகும். அரசாங்க உத்தியோகத்தர், புறவேலைக்கு அனுமதி பெறுவது பற்றித் தாபன விதிக்கோவையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எஜமானரின் சம்மதத்தை எழுத்திலே பெறுங்கள். கேட்டால் மனஸ்தாபம் வருமே என்று தயங்குவோர் பலர். காசு பெறாத காலத்திலே அந்தக் கடுதாசியில் எவரும் சிரித்துக்கொண்டே கையொப்பமிடுவர். காசு வந்தபின் அதே கையொப்பத்துக்கு நீதிமன்றப் படியேற நேரிடும்.