பயணம் முடிந்த பிறகு

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட், முதுகில் ஒரு பை. இப்படித் தனியாக வெளிநாடு சுற்றுகிறவர்கள் இன்று நிறையப் பேர். ஊர் திரும்பியதும் பை பரணுக்குப் போகிறது. பயணமும் அதோடு சரி.

ஏ.கே. செட்டியார் அப்படி விடவில்லை.

செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். காந்தியைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன? அங்கேதான் தோன்றியது. முப்பது வயதுகூட ஆகவில்லை!

நாடு நாடாகத் தேடினார். யார் யாரோ எடுத்த காந்தி படச்சுருள்களைத் திரட்டினார். சுமார் 50,000 அடி சேர்ந்தது. பனியன் கம்பெனியில் வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைப்பார்களே, அப்படிச் சேர்த்தார். 1940 ஆகஸ்டில் படம் வெளிவந்தது.

பயணக் கட்டுரைகளும் எழுதினார். அவற்றில் தன்னைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. பார்த்த மனிதர்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். எவ்வளவு பெரிய குணம் அது!

பயணம் முடிந்தால் எழுதிவைக்க வேண்டும். இதில் அவருக்கு அவ்வளவு அக்கறை. தன் காலத்துக்கு முன் தமிழ்நாட்டில் பயணம் செய்தவர்கள் எழுதியவற்றையும் தேடி எடுத்து, தனிப் புத்தகமாகத் தொகுத்தார்.