காலி கேனும் சுவர்த் தோட்டமும்
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பரண்களில் 5 லிட்டர் எண்ணெய் கேன்கள் ஆயுள்கால உறுப்பினர்கள். ‘எதற்காவது ஆகும்’ என்று எடுத்து வைப்பது நம் சுபாவம். எதற்கு ஆகும் என்பதற்கு என் பதில், சுவரில் மாட்டும் செடித்தொட்டி.

சண்டீகரில் நேக் சந்த் என்ற பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளர், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டே சிலைகள் செய்தார். 1976-ல் திறக்கப்பட்ட ராக் கார்டன் அவர் கைவண்ணம். அரசு ஊழியருக்கும் அழகுணர்ச்சி உண்டு!

பூச்சிமருந்து, ஆசிட், என்ஜின் ஆயில் வந்த கேன்கள் வேண்டவே வேண்டாம். மற்றவற்றைச் சோப்புப் போட்டு அலம்பி, பக்கவாட்டில் வாய் வெட்டி, அடியில் பென்சில் பருமனில் நான்கைந்து துளைகள் இடுங்கள். வேர்களுக்கும் பிராணவாயு தேவை. ஜலம் தேங்கினால் அழுகிவிடும். வர்ணம் பூச, பல வருஷங்களாகக் கிடக்கும் பெயிண்டை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

அடுத்து எடை. ஈர மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. கேனில் முக்கால்பங்கு நிரப்பினால் ஆறு கிலோவைத் தொடும். அதை மாடி பால்கனியின் வெளிப்புறக் கம்பியில் சணல் கயிற்றால் கட்டினால், கீழே விளையாடும் குழந்தையின் தலைக்கு மேல் கட்டுகிறோம் என்று அர்த்தம். நனைந்து நனைந்து சணல் இற்றுப்போகும். ஆகவே பால்கனியின் உட்புறச் சுவரில், திருகாணியால் இறுக்கிய இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். மண்ணில் பாதிக்குத் தென்னை நார்த்தூள் கலந்தால் கனம் குறையும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல ஜலத்தில் வளர்வது. முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைக்கும். எனவே அடித்தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும்.

துளசிக்கு ஆழமும் வெயிலும் வேண்டும். அவள் மாடத்திலேயே இருக்கட்டும். கேனுக்குப் புதினா, ஓமவல்லி. வெயில் படாத சுவருக்கு மணி பிளாண்ட்.

ஒரு எச்சரிக்கை. பத்து கேன்களை மாட்டியதால் பதினோராவதை வாங்கும் உரிமை வந்துவிடாது. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கி, ஒருநாள் குப்பைக்குத்தான் போகும். சிறுவயதில் தூக்கோடு எண்ணெய்க்கடைக்குப் போனவர்கள்தானே நாம்! குறைவாக வாங்குவதே முதல் காரியம்.

பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் வீடுகள் நம்மிடையே பல. காலைக் காபிக்குப் பிறகு ஜலத்துக்குக் காத்திருக்கும் ஒரு செடி, நம் வயதில் நல்ல துணை.